மலைத் தீவின் குறுக்கே ஒரு சாலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் கற்ற அறிஞர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதி வாழும் என்னையும் பேசுமாறு பணித்தீர்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர், வழியில் எங்கெங்கே வண்டி நிற்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆகையால் ஒரு வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வரும் கோடை விடுமுறையில் நம் சங்கக் குடும்பங்கள் மூணாற்றுக்கு இன்பச் சுற்றுலா செல்வதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்தச் சுற்றுலாவைப் பற்றி உங்கள்பால் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அதனை முடிவிலே சொல்லுகிறேன். முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டிலிருந்து மூணாற்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேரளத்தை விட்டு நீங்காமல் திருச்சூர், கோதமங்கலம், அடிமாலி வழியாகச் செல்வது. மற்றொன்று, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகச் செல்வது. இரண்டாவது வழி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கேரளத்தில் புறப்பட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மீண்டும் கேரளத்துக்குள் ஏறும் வழி அது. நாம் அந்த வழியாகவே செல்ல வேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்பதற்கு அவ்வழியிலுள்ள ஊர்களே விடை கூறும்.

நாம் குடியிருக்கும் இந்தப் பாலக்காடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே அமைந்த ஒரு வாயில். வடக்கே நீலகிரி; தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் மலையே இல்லாத தாழ்நிலம். இந்த இடைவெளி இல்லையேல், 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை இருப்புப் பாதை முடிந்திராது. ஒலவக்கோடு என்ற நிலையமும் இராது. நம்மில் பாதிப் பேருக்கு இங்கே வேலையும் இராது!

உயிரியல் அறிஞர்கள் இம்மலை உச்சிகளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வானத் தீவுகள். தீவு என்றால் சுற்றிலும் கடல் இருக்க வேண்டுமன்றோ? இங்கே தாழ்நிலத்தின் வெப்பமே கடல். உச்சியின் குளிரில் வாழப் பழகிய உயிர்கள் அந்த வெப்பத்தைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்ல இயலாது. நீலகிரிச் சோலைகளிலே சிரிப்பான் என்னும் பறவை உண்டு. பழனி, ஆனைமலைச் சோலைகளிலும் சிரிப்பான் உண்டு. ஆயின் அதுவும் இதுவும் வெவ்வேறு இனம். நாம் பேருந்தில் கடந்துவிடும் இந்தச் சமவெளி, அப்பறவைகளுக்குக் கடக்க முடியாத கடலாகிவிட்டது. அந்த மலைத் தீவின் குறுக்கேதான் நாம் செல்லவிருக்கும் சாலை ஏறுகிறது.

முதலில் சித்தூர்ப் பகுதி. நெல் வயலும் பனையும் நிறைந்த நாடு. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் நாடு. சோகநாசினி எனப்படும் சித்தூர் ஆற்றங்கரையில், மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அங்கே சிறிது நேரம் நின்று செல்லுவோம். நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழிக்கு வணக்கம் செலுத்திவிட்டுப் புறப்படுவது நம் பண்பாடு.

அந்த ஆற்றின் நீரைப் பற்றி ஒரு செய்தி. ஆனைமலையில் பிறக்கும் ஆளியாறு தமிழ்நாட்டிலிருந்து இறங்கி இப்பகுதிக்கு வருகிறது. பரம்பிக்குளம் ஆளியாறு திட்டத்தைப் பற்றி இரு மாநிலங்களும் 1970இல் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, மணக்கடவு அணையில் ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் சித்தூர்ப் பாசனத்துக்குத் தரப்பட வேண்டும். வழியில் மற்றோர் ஆற்றையும் காண்போம். அப்போது இந்தச் செய்தியை நினைவில் கொள்ளுங்கள்.

எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சி. தென்னந்தோப்புகளும் மாட்டுச் சந்தையும் அவ்வூரின் புகழ். அங்கிருந்து ஒரு மணி நேரத்திற்குள் உடுமலைப்பேட்டை. கணவாயின் காற்று அங்கே ஓயாமல் வீசுவதால் வயல்கள்தோறும் காற்றாலைகள் சுழல்கின்றன. உடுமலையில் உணவை முடித்துக்கொண்டு தெற்கே திரும்பினால், மலை நம் முன்னே சுவர்போல் எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணை. அதன் அருகே 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை. பிள்ளைகள் அங்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்பார்கள். அதற்கும் சேர்த்தே காலக் கணக்கு வகுத்திருக்கிறேன்.

அதன் பிறகு வனத்துறையின் சோதனைச் சாவடி ஒன்று வரும். அதன் பெயர் ஒன்பதாறு. எண்ணையே பெயராகக் கொண்ட இடம்! அங்கிருந்து காடு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் அச்சாலையில் யானைகள் குறுக்கே வருவது வழக்கம். ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால் நாமும் வாய்மூடி இருக்க வேண்டும். ஒலிப்பான் கூடாது, இறங்கிப் படம் எடுப்பதும் கூடாது. இருட்டும் முன்னரே அக்காட்டைக் கடந்துவிட வேண்டும்.

காட்டின் நடுவே சின்னாற்றுப் பாலம். பாலத்தின் இப்புறம் தமிழ்நாடு. அப்புறம் கேரளம், இடுக்கி மாவட்டம். கேரளம் என்றால் மழை என்று எண்ணுபவர்கள் சின்னாற்றைக் காண வேண்டும். உயர்ந்த மலைகள் தென்மேற்குப் பருவ மழையை மறித்துக்கொள்வதால், இது மழை மறைவு நிலம். முள் மரங்களும் கள்ளியும் வளரும் வறண்ட காடு. 1984இல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதுரக் கிலோமீட்டர். சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் இங்கே வாழ்கின்றன. வறண்ட காட்டின் நடுவே தூவானம் என்னும் அருவி வெள்ளிக் கோடுபோல் தொலைவில் தெரியும். எத்துணை அழகிய தமிழ்ப் பெயர் பாருங்கள்!

அந்த அருவி பாம்பாற்றில் விழுகிறது. கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றுள் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கி ஓடுகின்றன. பாம்பாறு சின்னாற்றோடு கலந்து, அமராவதியாகி, முடிவில் காவிரியை அடைகிறது. ஆளியாறு தமிழ்நாட்டில் பிறந்து கேரளத்து வயலுக்குப் பாய்கிறது; பாம்பாறு கேரளத்தில் பிறந்து தமிழ்நாட்டு வயலுக்குப் பாய்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரே நாள் பயணத்தில் கண்ணால் காண முடியும் என்பது இச்சாலையின் முதற் சிறப்பு.

அடுத்து மறையூர். சாலையின் இரு புறமும் வேலியிட்டுக் காக்கப்படும் சந்தன மரங்கள் தாமாகவே வளர்ந்த காடு. பாறைகளின் மேல் கற்பலகைகளால் அமைந்த பழங்கால ஈமச் சின்னங்கள் நிற்கின்றன. மக்கள் அவற்றை முனியறை என்கிறார்கள். கரும்பு வயல்களின் ஓரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள் உண்டு. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் உருட்டிய அந்த உருண்டை வெல்லத்தை ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களுக்கு அஞ்சுநாடு என்று பெயர். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவ்வூர் மக்களின் வாய்மொழி வரலாறு. பிழைப்புக்காக எல்லை கடந்து வந்தவர்கள் நாம் மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். நமக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மறையூரிலிருந்து மூணாறு 40 கிலோமீட்டர். வறண்ட காடு மறைந்து, குளிரும் பனிமூட்டமும் தேயிலைப் பசுமையும் தோன்றும். இனி வரும் ஊர்களின் பெயர்களைக் கேளுங்கள்: தலையாறு, வாகுவரை, பெரியவரை, நல்லதண்ணி, தென்மலை, மாட்டுப்பட்டி, எல்லப்பட்டி. வரை என்றால் மலை என்று பள்ளியிலே படித்தோம். நம் பேச்சில் அச்சொல் மறைந்துவிட்டது. ஆனால் அம்மலையில் பேருந்து நடத்துநர் நாள்தோறும் அதைக் கூவுகிறார்.

வரையாடு என்ற விலங்கின் பெயரிலும் அதே சொல்தான் வாழ்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு மிகுதியாக வாழும் இடம், இச்சாலை ஓரத்து இரவிகுளம். 1975இல் புகலிடமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில்தான், 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி நிற்கிறது. 2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் ஒரே நாட்களில் சேர்ந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தன. இரண்டிலும் சேர்த்து 2,600க்கு மேல். ஏறக்குறையப் பாதி இங்கே, பாதி அங்கே. குறிஞ்சி மலர் 2018இல் பூத்தது. இனி 2030இல்தான் பூக்கும். ஆகவே இம்முறை குறிஞ்சியைக் காட்டவில்லை என்று யாரும் என்மேல் குறை கூற வேண்டாம்!

மூணாற்றில் இரயில்வேக்காரர்களாகிய நமக்கென்றே ஒரு காட்சி காத்திருக்கிறது. இன்று அங்கே இரயில் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தினரிடமிருந்து இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்த் தேயிலை பெருகிற்று. அதனைக் கீழே கொண்டுபோக வழி வேண்டியிருந்தது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே மலை விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. காளைகள் வண்டிகளை இழுத்தன. 1908இல் அது இரண்டு அடி அகலமுள்ள சிறு இருப்புப் பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின்கள் ஓடின. விளிம்பிலிருந்து கம்பிவடத்தின் மூலம் தேயிலைப் பெட்டிகள் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின.

1924 ஜூலையில் பெய்த பெருமழையில் அந்தப் பாதை முழுவதும் அடித்துச் செல்லப்பட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று கேரள மக்கள் அதனை இன்றும் குறிப்பிடுகிறார்கள். பாதை மீண்டும் போடப்படவில்லை. ஆனால் மலை விளிம்பில் இருந்த நிலையத்தின் பெயர் மட்டும் போகவில்லை. இன்றும் பேருந்துப் பலகையில் டாப் ஸ்டேஷன் என்று எழுதியிருக்கிறது. இரயில் போய் நூறாண்டு கடந்த பின்னும் நிலையம் என்ற பெயர் நிலைத்திருக்கும் ஊர் அது! அங்கே நின்று கிழக்கே நோக்கினால் தேனிச் சமவெளி தெரியும். அம்மலையடியில் உள்ள போடிநாயக்கனூருக்கு, பல ஆண்டு இடைவெளிக்குப் பின், 2023 ஜூனில் அகலப் பாதையில் மீண்டும் இரயில் வந்துவிட்டது என்பதும் நமக்கு மகிழ்ச்சியான செய்தி.

நண்பர்களே! இதுவரை இயற்கையைப் பற்றியும் இருப்புப் பாதையைப் பற்றியும் பேசினேன். இனி மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தத் தேயிலைச் சரிவுகளைப் பச்சைக் கம்பளம் என்று புகழ்ந்து படம் எடுத்துக்கொள்ளுகிறோம். அந்தக் கம்பளத்தை நெய்தவர்கள் யார்? திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழ் மக்கள். அவர்களுடைய பேரர்களும் பெயர்த்திகளும்தான் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு நின்றது. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும், மறுநாள் காலையில் அவர்கள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே சரிவில்தான் ஏறினார்கள்.

சென்ற ஆண்டு அவ்வழியே ஓர் உறவினர் திருமணத்துக்குச் சென்றபோது, வாகுவரையில் ஏறிய முதிய அம்மையார் ஒருவர் என் அருகே அமர்ந்தார். அவருடன் பேரனும் இருந்தான். “தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டார்.

“பிறந்தது சாத்தூர்ப் பக்கம் அம்மா. இப்போது பாலக்காட்டில் இரயில்வேயில் இருக்கிறேன்.”

“வீடு சொந்தமா?”

“இல்லை அம்மா, இரயில்வே குவார்ட்டர்ஸ்தான்.”

“வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டுமா?”

“ஆம்.”

“அப்படியானால் நீங்களும் லயம்தான்” என்று கூறி, வெற்றிலை வாயோடு சிரித்தார்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. வேலை உள்ளவரையில்தான் அவ்வீடு. ஓய்வு பெறும் நாளில் அதை ஒப்படைக்க வேண்டும். ஆகவே, வீட்டை விடாதிருப்பதற்காகவே மகனோ மருமகளோ தோட்ட வேலையில் சேரும் குடும்பங்கள் உண்டு. அந்த அம்மையார் என்னையும் தம் இனத்தில் சேர்த்தது பெருந்தன்மை. எனக்குச் சாத்தூரில் என் தந்தையார் விட்டுச் சென்ற ஓட்டு வீடு ஒன்று உண்டு. அவருக்கோ மூன்று தலைமுறையாக அந்த மலையைத் தவிர வேறு ஊர் இல்லை. அம்மலையில் ஒரு சென்ட் நிலமும் இல்லை.

இரவிகுளத்திற்கு அருகே பெட்டிமுடி என்னும் இடம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெருமழையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். அவர்களுள் பலர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டிற்று. உயிர் தப்பிய சில குடும்பங்களுக்குப் பின்னர்க் குற்றியாறு பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் தரப்பட்டன. மண்ணுக்கடியில் போன பின்னரே மண் சொந்தமாகிறது என்ற நிலை எந்த மனிதருக்கும் வரக்கூடாது.

அம்மக்கள் இரக்கத்தை நாடி நிற்பவர்கள் அல்லர். 2015 செப்டம்பரில், குறைக்கப்பட்ட போனசுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் எந்தத் தலைவரையும் முன்னிறுத்தாமல் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற அவர்களுடைய பெயரை நாடே அறிந்தது. தங்களுக்காகப் பேச அவர்களுக்குத் தெரியும். நாம் செய்ய வேண்டியது வேறு.

அது என்ன என்பதை அந்த அம்மையாரின் பேரனிடமிருந்து அறிந்தேன். தமிழ்வழியில் பத்தாம் வகுப்புத் தேறி, மேலும் இரண்டாண்டு படித்து, வீட்டில் இருந்தான். “இரயில்வேத் தேர்வை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதானே எழுத வேண்டும், ஐயா?” என்று கேட்டான். இரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம்; எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் எழுதலாம்; பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான பணிகளும் உண்டு. நமக்கு இது அன்றாடச் செய்தி. அவனுக்கோ அன்றுதான் தெரிந்தது. மூணாறு நிறுத்தத்தில் இறங்கும் வரையில் விண்ணப்ப முறையைப் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சீட்டின் பின்புறம் எத்தனை பேருக்குப் போதும்?

இப்பொழுது என் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன். நம் சுற்றுலா மூன்று நாள். அதில் ஒரு நாளை எனக்குத் தாருங்கள். அன்று மூணாற்றில் ஒரு கூடம் பிடிப்போம். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த தோட்டத்துப் பிள்ளைகளை அழைப்போம். நம் சங்கத்தில் எழுத்தர் உண்டு, நிலைய அதிகாரி உண்டு, பயணச்சீட்டுப் பரிசோதகர் உண்டு, ஓட்டுநர் உண்டு. அவரவர் எந்தத் தேர்வு எழுதினோம், எப்படி விண்ணப்பித்தோம், எதைப் படித்தோம் என்பதைத் தமிழிலே எடுத்துச் சொல்லுவோம். மாலையில் பழைய வினாத்தாள்களை வைத்து ஒரு பயிற்சித் தேர்வு நடத்துவோம். புறப்படும்போது குடும்பத்துக்கு இரண்டு தமிழ் நூல்கள் எடுத்து வாருங்கள். அங்குள்ள தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் நூலகத்தில் சேர்ப்போம். திரும்பும் வழியில் இராஜமலை முகப்பில் வண்டியை நிறுத்தி, பெட்டிமுடியில் மாண்டவர்களுக்காக ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்போம். இதற்காகச் சங்கத்தின் நிதியில் ஒரு காசும் வேண்டியதில்லை. கூடத்தின் வாடகையை நம் அலுவலக நண்பர்கள் ஐவர் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

சிரிப்பான் பறவையால் இந்தச் சமவெளியைக் கடக்க இயலவில்லை. அது இயற்கையின் விதி. பாலக்காட்டுத் தமிழனும் மூணாற்றுத் தமிழனும் 160 கிலோமீட்டர் இடைவெளியில் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனித் தீவுகளாக வாழ்வதை எந்த இயற்கையும் விதிக்கவில்லை. நமக்குப் பேருந்து இருக்கிறது. சாலையும் நன்றாகவே இருக்கிறது. வர விரும்பும் குடும்பங்கள் இன்று விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டுகிறேன்.